பைப்பில் சுற்றிய ஜாக்கெட்

இஞ்சாருங்கோ,

வெளிச்சுவர்ப் பைப் திரும்பவும் உறைஞ்சு போச்சு. தண்ணி ஒரு சொட்டும் வரேல்லை. நான் வேலைக்குப் போறன். நீங்கள் இரவு வேலையால வந்த கையோட கேத்திலைத் தூக்கிக்கொண்டு வெளியில ஓடாதேங்கோ. போன வருஷம் கொதிதண்ணி ஊத்தித்தானே பைப் வெடிச்சது. குசினிக் குழாயைத் திறந்து விட்டிருக்கிறன், பூட்ட வேண்டாம். பத்து மணிக்குச் சுவரில வெயில் பட்டால் தானா இளகும். தேத்தண்ணிக்கு வாளியில தண்ணி இருக்கு. புட்டு மூடி வச்சிருக்கிறன், சாப்பிட்டிட்டுப் படுங்கோ.

வீட்டுக்காரரோட சண்டைக்கும் போகாதேங்கோ. எங்கட விசாவுக்கு வேற ஆர் வீடு தருவினம்?

சுலக்சனா

பி.கு.: இனியும் உறையாமலிருக்கப் பைப்பில சுத்தியிருக்கிறது அட்சயாவின்ர குளிர் ஜாக்கெட். வேற தடிச்ச துணி இல்லை. நேற்று அதை ஆருக்காவது குடுப்பம் எண்டு நான் சொன்னதுக்குத்தானே சாப்பிடாமல் போனனீங்கள்? விசா கிடைச்சு மகள் வந்திறங்கேக்க குளிரும் எண்டு நீங்கள் வாங்கினது ஏழு வயசு அளவில. போனில பார்த்தனீங்கள்தானே, அவள் இப்ப ஊரில தன்னை வளர்க்கிற சித்தியை விட உயரம்.

இன்னொண்டு: ஜாக்கெட்டின்ர கை ரெண்டையும் பைப்பைச் சுத்தி முடிஞ்சிருக்கிறன், அவிழ்க்காதேங்கோ. விலை போட்ட கடைத்துண்டு அதில அப்பிடியே தொங்குது. கத்தரிக்கோல் எடுத்தனான்தான், வெட்ட ஏலேல்லை.