பூசுவதற்கு முன் பத்து நிமிடம்

ஜூன் 4

கோணல் எழுத்துக்கு முதலில் மன்னிப்பு. வரி மேலே ஏறுகிறது, பிறகு சரிகிறது. நாற்பது வருடம் ரசமட்டம் வைத்துக் குழாய் பொருத்திய கைதான் இது. பென்சிலைக் கொடுத்தால் ஆடுகிறது. எழுபத்தொரு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நோட்டு மகள் வாங்கிக் கொடுத்தது. இவ்வளவு எழுத ஒரு மணி நேரம். ஆனாலும் நான் எழுதியது!

ஜூன் 11

ஒரு சங்கடம். நேற்றுப் படித்த எழுத்து இன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. உடம்பெல்லாம் அசதி, இடுப்பில் ஓயாத வலி. "வயசாச்சில்ல, இந்த மட்டும் வந்ததே பெரிசு" என்கிறாள் மனைவி.

புத்தி கழன்றுகொண்டு வருகிறதோ? யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 20

மூன்றாவது முறையாகச் சிறுநீரகக் கல். இந்தத் தடவை டாக்டர் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். பதினொன்று புள்ளி ஒன்பது. பத்தரைக்கு மேல் போகக் கூடாதாம்.

ஜூலை 2

சர்ஜனைப் பார்த்தோம். என் மகள் வயதுப் பெண். கழுத்துப் படம் வரைந்து நாலு புள்ளி வைத்தார். பாராதைராய்டு. ஆறு எழுத்து, எழுதி முடிக்கக் கால் மணி நேரம்.

"ஒவ்வொண்ணும் அரிசி அளவுதான் ஐயா. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா, எலும்புல இருந்து எடுத்துக் கொடுன்னு ஆள் அனுப்பும். போதும்னா நிறுத்திக்கும். உங்களுக்கு நிறுத்த மாட்டேங்குது. ஆபரேஷன் பண்ணி, கெட்டதை எடுத்துடணும்."

சிரித்துவிட்டேன். மேல்தொட்டி ரத்தம், கீழ்த்தொட்டி எலும்பு. மிதவை கெட்டுப்போனால் தொட்டி நிரம்பியும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே வற்றும், மேலே வழியும். வழிந்ததெல்லாம் கல்லாகப் படிந்திருக்கிறது. ஊரார் வீட்டு மிதவையை எல்லாம் சரிசெய்தவன், சொந்தக் கழுத்தில் மோட்டார் ஓடுவது தெரியாமல் இருந்திருக்கிறேன்!

"நான் தினம் ரெண்டு டம்ளர் பால் கொடுத்தேனே, அதனாலயா டாக்டர்?" என்று மனைவி கண் கலங்கினாள். "பால் மேல ஒரு பழியும் இல்லம்மா" என்றார் அவர்.

மறதி போகுமா என்று கேட்டேன். "சிலருக்குத் தெளியுது. உறுதியா சொல்ல மாட்டேன்." பூசி மெழுகவில்லை. பிடித்திருந்தது.

ஜூலை 9

சர்ஜனிடம் கேட்டேவிட்டேன்.

"எடுத்தப்புறம், சரியானதைத்தான் எடுத்தோம்னு எப்படித் தெரியும்? நான் ஒழுகலை அடைச்சா, தண்ணி மீட்டர் நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் சுவரைப் பூசுவேன்."

"நாங்களும் அப்படித்தான் ஐயா. எடுத்துப் பத்து நிமிஷம் கழிச்சு ரத்தம் பார்ப்போம். ஆள் அனுப்பும்னு சொன்னேனே, அந்தச் சுரப்பு பாதிக்குக் கீழ இறங்கியிருக்கணும்."

"இறங்கலேன்னா?"

"பூச மாட்டேன். தேடுவேன்."

இந்தக் கைக்குக் கழுத்தைக் கொடுக்கலாம்.

ஜூலை 16

நாளை ஆபரேஷன். நர்ஸ் மைப்பெட்டியை நீட்டினார். "தாத்தா, இங்க பெருவிரலை வைங்க."

"படிச்சுட்டு."

ஒரே ஒரு தாள். நாற்பது நிமிடம். குரல் மாறக்கூடும் என்ற வரியை மூன்று முறை படித்தேன்.

"படிக்கத் தெரிஞ்சவங்க யாருமே இதைப் படிச்சதில்ல தாத்தா" என்று நர்ஸ் சிரித்தார்.

கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் முதல் கையெழுத்து. அவர் மைப்பெட்டியை டப்பென்று மூடிய சத்தம் இருக்கிறதே, ஆகா!

ஜூலை 19

ஸ்கேனில் ஒன்றுதான் தெரிந்ததாம். அதை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கிறார்கள். இறங்கவில்லை. பூசவில்லை. தேடியிருக்கிறார்கள். மறுபக்கம், கீழே பதுங்கிக்கொண்டு இன்னொன்று!

சர்ஜன் கட்டிலருகே வந்து சொன்னது ஒரே வரி: "ஐயா, மீட்டர் நின்னுடுச்சு."

குரல் இருக்கிறது. தவளைக் குரல். ஆனாலும் என்னுடையது.

ஜூலை 21

வீடு.

ஜூலை 25

மறுபடி ஆஸ்பத்திரி போய்த் திரும்பினேன். எழுதிவைக்க வேண்டும்.

இருபத்திரண்டாம் தேதி மதியம், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. விரல் நுனிகள் மரத்தன. பிறகு கை தானாக மடங்கிக்கொண்டது. மகள் வேலையில், போனை எடுக்கவில்லை. மனைவிக்கு எழுத்து தெரியாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இதுல என்னதாங்க எழுதியிருக்கு!" என்று அழுகிறாள்.

வாங்கித் திருப்பினேன். மடங்கிய விரலை வைத்தே படித்தேன். உ — தட் — டில். உதட்டிலோ விரலிலோ மரமரப்பு வந்தால் கூடுதலாக இரண்டு கால்சியம் மாத்திரை. கை கால் இழுத்தால் தாமதிக்காமல் வரவும்.

வரியின் கடைசிக்கு வந்தேன். முதல் சொல் அங்கேயே இருந்தது!

மாத்திரையை மென்றேன். வண்டி பிடித்துப் போனோம். நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினார்கள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"எலும்புக்கு இத்தனை வருஷப் பசி ஐயா. ரத்தத்துல இருக்கறதை எல்லாம் இழுத்துக்குது. மிச்சம் இருக்கிற ரெண்டு சுரப்பிக்கும் இன்னும் தூக்கம் கலையல" என்றார் சர்ஜன்.

இருக்கட்டும். வற்றிய கீழ்த்தொட்டி நிரம்புகிற வரைக்கும் மேலே குழாய் விட்டுவிட்டுத் துப்பத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 30

ஒன்பது புள்ளி நான்கு. ரிப்போர்ட்டை நானே படித்தேன். இடுப்பு வலி பாதி போயிற்று. வகுப்பில் ஒரு பக்கம் முழுவதும் தடுக்காமல் வாசித்தேன். வாய்விட்டு, தவளைக் குரலில்!

செப்டம்பர் 6

எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க மயங்கிக் கிடந்திருந்தா, அந்தத் தாளை யாரு படிச்சிருப்பா?"

பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"காட்டுங்க, எங்க ஆரம்பிக்கணும்?"

காட்டினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு 'அ' போட்டாள். என்னுடைய 'அ'வைவிட நேராக நிற்கிறது.

"இதுக்கா பதினோரு மாசமா இந்த அலட்டல்?"

பென்சில் திரும்பி வரவில்லை; இந்த வரிகளை மகளின் பேனாவால் எழுதுகிறேன். அடுத்த வாரமும் எழுதுவேன், கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே மனைவி இந்தப் பக்கம் வந்து சேருவதற்குள்.