ஆடியில் ஒரு சர்வர் மாற்றம்

ஜூலை 18, வெள்ளி (ஆடி 2)

காலையிலேயே புழுக்கம். கல்வராயன் மலைப்பக்கம் கறுப்பாக மேகம், கள்ளக்குறிச்சியில் ஒரு துளி இல்லை. அம்மன் கோயில் ஸ்பீக்கர் ஐந்து மணிக்கே ஆரம்பம். கீழே மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம்தான் எனக்கு ஆபீஸ் மணி.

ஸ்பேமுக்குள் எதையோ தேடப்போய் ஒரு மெயில் கண்ணில் பட்டது. சர்வர் கம்பெனி அனுப்பியது. பழைய சர்வர்களை மூடுகிறார்களாம். ஜூலை 31 கடைசி. அதற்குள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மெயில் வந்த தேதி ஜூன் முதல் வாரம். ஆறு வாரமாகக் கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

நான் வெப்சைட் செய்துகொடுத்துப் பார்த்துக்கொள்ளும் இருபத்து மூன்று பேரின் சைட்டும் அந்த ஒரே சர்வரில்.

செய்ய வேண்டியவை:
- எல்லாவற்றுக்கும் பேக்கப்
- புது சர்வர் இடம் பிடிக்க
- ஒவ்வொருவருக்கும் போன்
- கழுத்து வலித் தைலம்

ஜூலை 19, சனி

போன், போன், போன். பதினோரு பேரிடம் சொல்லியாயிற்று. ஒருவருக்கும் சர்வர் என்றால் என்னவென்று அக்கறை இல்லை. "ஓடுதில்ல? அப்புறம் இன்னா?" அதுவும் சரிதான்.

துணிக்கடை இஸ்மாயில் பாய் மட்டும் நேரில் வந்தார். ஆடித் தள்ளுபடி போஸ்டர் வேண்டும், இன்றே வேண்டும்.

"மேடம், வெப்சைட்டெல்லாம் இப்ப யாரு பாக்கறா? ரீல்ஸ் போடுங்க. அப்புறம் இந்த ஏஐ கிட்ட 'கள்ளக்குறிச்சியில நல்ல பட்டுப்புடவை எங்க'ன்னு கேட்டா நம்ம கடை பேரு வரணும்."

"அது வெப்சைட்டைப் படிச்சுத்தான் பாய் சொல்லும்."

"அப்படியா? அப்ப வெப்சைட்டும் இருக்கட்டும்."

சர்வர் மாற்றுவதைச் சொன்னேன். "தாராளமா மாத்துங்க. எங்களுக்கு இன்னா ஆடி? வெள்ளிக்கிழம மதியானம் மட்டும் வேணாம், நான் தொழுகைக்குப் போய்டுவேன், எதனாச்சும் கேட்டா எடுக்க மாட்டேன்." ஆடி அவருக்கு இல்லை, ஆடித் தள்ளுபடிதான் அவருக்கு வருஷத்தின் பெரிய வியாபாரம். சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை.

பதின்மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். முதலில் பிளெக்ஸ் பேனர். அப்புறம் வெப்சைட். அப்புறம் பேஜ், லைக். அப்புறம் மேப்பில் பெயர், ஸ்டார். அப்புறம் ரீல்ஸ். இப்போது ஏஐ. ஒவ்வொன்றுக்கும் முந்தினது செத்துவிட்டது என்கிறார்கள். ஒன்றும் சாகவில்லை, எல்லாம் என் தலையில்தான் ஏறிக் குந்தியிருக்கின்றன.

ஜூலை 21, திங்கள்

ஒன்பது சைட் மாற்றியாயிற்று. பல் டாக்டர் சைட்டில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வந்து, இரண்டு மணி நேரம் போனது.

மாலை கோவிந்தசாமி அண்ணனுக்குப் போன். தியாகதுருகம் ரோட்டில் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர். மிளகாய், கத்தரி நாற்று குழித்தட்டில். தேக்கு, மலைவேம்பு, பலா பையில். சைட்டை நடத்துவது அவர் மனைவி ராணியக்கா. எட்டாவதோடு நின்ற படிப்பு. ஆனால் ஒவ்வொரு நாற்றையும் போட்டோ எடுத்து, விலை போட்டு, எத்தனை தட்டு இருக்கிறது என்று தினமும் மாற்றுவார். என் இருபத்து மூன்று பேரில் சைட்டை உண்மையாகப் பயன்படுத்துகிற ஒரே ஆள். வெள்ளிமலையிலிருந்துகூட மிளகுக்கொடி கேட்டு ஆர்டர் வருகிறது அவருக்கு.

அண்ணனிடம் சர்வர் மாற்றம் என்றேன்.

"மாத்தறதுன்னா?"

"இருக்கிற இடத்த விட்டு வேற இடத்துக்கு..."

"இரு இரு. நீதானம்மா கலா மொத மொதல்ல சொன்ன? அட்ரஸு வேற, வூடு வேற. அட்ரஸு நம்முது, வூடு வாடகைன்னு."

"ஆமாண்ணே."

"அப்ப வூட்ட மாத்தச் சொல்ற. ஆடியில."

அந்த உதாரணத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஹோஸ்டிங் என்றால் புரியாது, வீடு என்றால் சட்டென்று புரியும். அண்ணனுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்திருக்கிறது.

"அண்ணே, இது சும்மா கம்ப்யூட்டர்..."

"ஆடியில எவனாச்சும் வூடு மாத்துவானா? எங்க பங்காளி ஒருத்தன் மாத்தினான். சொல்ல வேணாம். ஆவணி பொறக்கட்டும்மா, நல்ல நாள் பாத்து மாத்திக்கலாம்."

"முப்பத்தொண்ணோட மூடிடுவாங்க."

"மூடட்டும். ரெண்டு வாரம் மூடிக்கினு இருந்தா இன்னா? குடி முழுவாது."

ஜூலை 22, செவ்வாய்

லேசான தூறல். மின்சாரம் இரண்டு முறை போனது.

ராணியக்கா அழைத்தார், அண்ணனுக்குத் தெரியாமல். குரல் தாழ்ந்து.

"இன்னாம்மா, மூடிடுவாங்களாமே? நெசமாவா? ஆடிப் பட்டம்மா இது. இப்ப வுட்டா தைக்குத்தான். நாப்பது தட்டு மொளகா நிக்குது, நாலு நாள் ஜாஸ்தியா நின்னா வேரு சுத்திக்கும், குப்பையிலதான் கொட்டணும். ஆர்டரெல்லாம் அதுலதான் வருது."

"அண்ணன்கிட்ட நீங்க சொல்லிப் பாருங்கக்கா."

"அவரு கேக்கற ஆளா? நானும் ஆடிய மீறச் சொல்லலம்மா. எனக்கும் பயந்தான். வேற வழி ஏதாச்சும் இருக்கான்னு கேக்கறேன்."

பார்க்கிறேன் என்றேன். வேறு வழி ஆறு வாரத்துக்கு முன்னால் இருந்தது. வைகாசி மாதத்தில். மெயிலை நான் அப்போதே பார்த்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

எங்கும் கூழ். மருந்துக்கடைக்காரர் ஒரு சொம்பு கொடுத்தனுப்பினார். குடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

இருபத்திரண்டு சைட் முடிந்தது. பாக்கி ஒன்றுதான்.

சர்வர் கம்பெனிக்கு போன். மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். "வாட் இஸ் தி ரீசன் மேம்?" என்றது ஒரு பெண் குரல். ஆடி என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? ஃபேமிலி ரீசன் என்றேன். கிடையாது என்றாள்.

ஜூலை 28, திங்கள்

ராணியக்கா பெரிய நெல்லி போட்டோ ஏற்றியிருக்கிறார். கீழே அவரே எழுதியது: "வேர் நன்றாக உள்ளது. பயம் வேண்டாம்." எந்த மார்க்கெட்டிங் வகுப்பிலும் இப்படி எழுதச் சொல்லித்தரவில்லை.

இன்று மட்டும் பதினான்கு ஆர்டர். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 30, புதன்

செய்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பேக்கப் எடுத்து, புது இடத்தில் போட்டு, முகவரியைத் திருப்பிவிட்டு, டெஸ்ட் ஆர்டர் ஒன்று போட்டுப் பார்த்தேன். வந்தது. மொத்தம் நாற்பது நிமிடம். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகக் காலண்டர் பக்கம் திரும்பாமல் செய்தேன். முடித்த பிறகு பார்த்தேன். சரியாக ராகு காலம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. போன ஆடியில்தான் ஆபீஸுக்கு பிரிண்டர் வாங்கினேன், நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் அடுத்தவர் வீட்டு விஷயம் வேறு. என் மறதியை மறைக்க அவர் நம்பிக்கையை மீறியிருக்கிறேன். ராணியக்காவுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி நிஜம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பழைய சர்வர் போய்விட்டது. அண்ணன் போன்.

"இன்னாம்மா, மூடல போலக்கீதே? ஓடிக்கினுதான் இருக்குது?"

"கொஞ்ச நாள் டைம் கொடுத்திருக்காங்கண்ணே."

"பாத்தியா! நான்தான் சொன்னேன்ல. அம்மன் உண்டு."

பொய் எத்தனை சுலபமாக வருகிறது. ஏற்கெனவே தயாரித்து வைத்ததுபோல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ராணியக்கா விழுந்துவிட்டார்.

ஞாயிறு ஆடிப்பெருக்கன்று, நிழல்வலைக் கம்பி தடுக்கி. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. சேலத்துக்குக் கொண்டுபோய் பிளேட் வைத்தார்களாம். எனக்கு இன்றுதான் தெரிந்தது. அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினார். பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு மாசம் ஊனக் கூடாதுன்ட்டாங்கம்மா. எல்லாம் நேரம். நல்லவேள, நீ சொன்னப்ப அத மாத்தல. மாத்தியிருந்தா அதனாலதான்னு என் மனசு அடிச்சிக்கும். உன்னையும் சேத்து திட்டியிருப்பேன்."

ம் என்றேன்.

மதியம் சாப்பிடவில்லை. கம்பி தடுக்கினால் யாரும் விழுவார்கள். அந்தக் கம்பி போன வருஷமும் அங்கேதான் இருந்தது. சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. தியாகதுருகத்தில் ஒரு காலை அது என்ன செய்யும்? இதையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். மனசு ஒப்பவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பாயின் ரீல்ஸ் நன்றாகப் போய்விட்டது. புடவையை அல்ல, பின்னால் பில் போடும் பாயின் முகத்தைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பாய்க்குக் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் பெருமை.

ராணியக்கா வீட்டுக்கு வந்துவிட்டாராம். பார்க்கப் போக வேண்டும். போகவில்லை. நேற்றும் போகவில்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

ஆர்டர் பக்கத்தைத் திறந்தால், கட்டிலிலிருந்தே தட்டு எண்ணிக்கை மாற்றியிருக்கிறார். மிளகாய்: 0.

நாற்பது தட்டும் விற்றுப்போய்விட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு (ஆவணி 1)

நல்ல மழை. மலையில் இன்னும் ஜாஸ்தி என்கிறார்கள்.

அண்ணன் காலை ஏழு மணிக்கே. "ஆவணி பொறந்துடுச்சும்மா. வியாழக்கெழம முகூர்த்தம். ஒம்போதரைக்கு மாத்திடலாம். நாங்க ரெண்டு பேரும் வரோம்."

"நீங்க வர வேணாம்ணே, நான் இங்கேருந்தே..."

"புது வூட்டுக்குப் போறோம், பால் காச்ச வேணாமா?"

ஆகஸ்ட் 20, புதன்

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். அண்ணே, ஜூலையிலேயே மாற்றிவிட்டேன், தப்பு என்னுடையது என்று. மூன்று வாக்கியம். பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வருகிறது.

சொன்னால் பண்ணையை இழப்பேன். அது பெரிதில்லை. இரண்டு மாதமும் அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் என்னை நினைப்பார். அதுதான் தாங்காது.

ஆகஸ்ட் 21, வியாழன் (ஆவணி 5)

ஒன்பது மணிக்கு ஆட்டோ. அண்ணனும் மருந்துக்கடைக்காரரும் ராணியக்காவை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் அக்கா கேட்கவில்லையாம். பாதியாக இளைத்திருக்கிறார். தூக்குவாளியில் பால், மஞ்சள், வெற்றிலைப் பாக்கு, புதுப் பாத்திரம். என் மேஜைமேல் இண்டக்‌ஷன் அடுப்பு. கீபோர்டுக்குச் சந்தனம் வைத்தார் அண்ணன். எஸ்கேப் பட்டனுக்குக் குங்குமம்.

இதோ சொல்லப்போகிறேன், இதோ என்று நின்றேன். அண்ணன் சர்க்கரையை மறந்துவிட்டு வந்திருந்தார். வாங்கி வரக் கீழே இறங்கினார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்."

பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே தெரியும்மா. எப்பவும் நேரா உள்ள போய்டும். அன்னிக்குப் புதுசா பாஸ்வேர்டு கேட்டுது. போட்டோ போட்டா சட்டுனு ஏறுது. மாத்திட்டியேன்னு நெனச்சேன். அவருகிட்ட வாயத் தொறக்கல. ஆர்டர் வந்துக்கினு இருந்துதே."

"மெயில் ஜூன்லயே வந்துதுக்கா. நான்தான் பாக்கல. தப்பு என்னுது."

"காலு ஒடிஞ்சி கெடந்தப்ப அதான்னு நெனச்சேன். இப்பவும் அதான்னுதான் நெனைக்கறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மொளகா அத்தினியும் வித்துப் போச்சில்ல. காலு சேந்துக்கும்மா."

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு வாரமாக அதை நானே எனக்குச் சொல்லிச் சொல்லி ஒட்டாத பேச்சு. அழுகைதான் வந்தது. "கண்ணத் தொடச்சிக்கோ, வரார்" என்றார்.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கம்தான். அண்ணனுக்கு மகா சந்தோஷம். மணி ஒன்பது முப்பத்திரண்டு.

"எந்த பட்டன்மா? ராணி, நீ அமுத்து. ஒன் கையால அமுத்து."

பண்ணைப் பக்கத்தைத் திறந்து வைத்து, எண்டர் பட்டனைக் காட்டினேன். ராணியக்கா விரலை வைத்தார். அமுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீயும் வை கைய," என்றார்.

வைத்தேன்.