கழுவாமல் விட்ட உறை

அக். 6, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. பேப்பருக்கு வெங்காய மண்டிச் செய்தி எழுதி, கவரைத் திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தாயிற்று. நனையாமல் போய்ச் சேர வேண்டும்.

வீடு முழுக்க மேக்கப் பிரஷ். நாளை ஆயுத பூஜை. மறுநாள் வரதராசன்பேட்டையில் ராஜிக்கு மணப்பெண் அலங்கார வேலை. புரட்டாசியில் நம் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. மாதம் பிறந்ததிலிருந்து மூடிக் கிடந்த மேக்கப் பெட்டி அதனால் திறந்தது. பெரம்பலூருக்கு வெளியே அவளுக்கு இதுதான் முதல் மணப்பெண். சொல்லி ஏற்பாடு செய்தவர் கம்பவுண்டர் அருளப்பன். பெண் ஜெசிந்தா அவருடைய அக்கா மகள்.

கழுவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேறு வேலை இல்லை.

பிரஷ்: வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தை சோப்பு. முடி கீழ்நோக்கியே இருக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர், முடியைக் காம்போடு பிடித்திருக்கும் பூணுக்குள் இறங்கிப் பிசின் விட்டுவிடும். காய்வது நிழலில், மேசை ஓரத்தில், முடி வெளியே நீட்டிக்கொண்டு. என் காகிதங்கள் தரைக்கு இறங்கின.

லிப்ஸ்டிக்: மேற்பரப்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள். (ஸ்பிரிட் உபயம் அருளப்பன்.) உதட்டில் நேரே தேய்ப்பதில்லை. கத்தி நுனியால் கொஞ்சம் சீவிக் கிண்ணத்தில் போட்டு, அதிலிருந்து.

பென்சில்: ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்பு ஒரு சீவல். பான்கேக் (முகப் பூச்சுக் கட்டி): மேல் தோலைச் சுரண்டி எறிவது. பவுடருக்கு ஆளுக்கொரு பஞ்சு, பிறகு குப்பை.

"ஒரு பொண்ணு மூஞ்சில பட்டது இன்னொரு பொண்ணு மூஞ்சில படக்கூடாதுங்க. தொழிலே அவ்வளவுதான்."

"என் சவரப் பிரஷ்ஷை ஒரு நாளாவது இப்படிக் கழுவியிருப்பியா?"

"அது பிரஷ்ஷா? தொடப்பம்."

அக். 7, புதன்

ஆயுத பூஜை. பஸ்களுக்கெல்லாம் வாழைக்கன்று. சைக்கிள் கடைக்காரர் பொரி கொடுத்தார்.

நம் வீட்டுப் பலகையில் என் பேனாக்கள், கேமரா, வெளியே சைக்கிள். இந்த வருஷம் புதிதாக ராஜியின் பெட்டி. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. மூடியில் ஒரு பொட்டு போதும் என்றேன். கேட்கவில்லை. பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பூணுக்குக் கீழே, காம்பில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"முடில படாமத்தான் வெக்கிறேன். பயப்படாதீங்க."

பிரஷ்களுக்கு ஓர் உறை தைத்திருக்கிறாள். என் பழைய வேட்டித் துணி. காம்புகள் சின்னச் சின்னப் பைகளுக்குள் நிற்கும். மேலே ஒரு மடிப்பு வந்து முடியையும் பூணையும் மூடும். சுருட்டி நாடாவால் கட்டிப் பலகையில் வைத்தாள். வைத்த பிறகு நாளைக் காலை கற்பூரம் காட்டும்வரை தொடக்கூடாது. பூஜைப் பொட்டைத் துடைக்கவும் கூடாது, தானாக உதிர வேண்டும். அவள் அம்மா வீட்டு வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

சுண்டலில் உப்பு குறைவு. சொல்லவில்லை.

அக். 8, வியாழன்

விடிவதற்கு முன்பே கற்பூரம். முதல் பஸ்ஸில் ராஜி கிளம்பினாள். அரியலூர், ஜெயங்கொண்டம், அப்புறம் வரதராசன்பேட்டை. பெட்டியை மடியிலேயே வைத்துக்கொள் என்றேன். "குழந்தைய பத்தி சொல்ற மாதிரி சொல்றீங்க" என்றாள்.

தாலுகா ஆபீஸ். உருப்படியாக ஒன்றும் இல்லை.

பொழுது சாயத் திரும்பிவிட்டாள். கரண்ட் இல்லை. புடவைகூட மாற்றாமல் பிரஷ்களைத் தண்ணீரில் போட்டு, சிம்னி விளக்கில் உட்கார்ந்து கழுவினாள். கழுவிக்கொண்டே பேச்சு. இவ்வளவு பேசி நாளாயிற்று.

பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு "அக்கா, நானா இது?" என்றாளாம். மணப்பெண் முடிந்ததும் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து முகத்தை நீட்டியிருக்கிறார்கள். எல்லாருக்கும் தனித்தனிப் பஞ்சில் பவுடர். ஒருத்திக்கும் பிரஷ்ஷைக் கொடுக்கவில்லை. "இது என்ன இவ்வளவு ஆச்சாரம் பாக்குறா!" என்று ஓர் அம்மாள் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு ஏலாக்குறிச்சி. அவன் அம்மா சவரியம்மா, கல்யாணம் நடந்த மாதா கோயிலில் வைத்து ராஜியின் கையைப் பிடித்து, தை மாதம் தன் மகள் கல்யாணத்துக்கும் நீதான் வர வேண்டும் என்றாளாம். அதை மூன்று முறை சொன்னாள் ராஜி.

அக். 10, சனி

தூறல். சைக்கிள் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

பத்து மணிக்கு அருளப்பன். வழக்கமாக வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வருபவர். இன்று இல்லை.

ஜெசிந்தாவுக்கு இரண்டு கண்ணும் சிவந்திருக்கிறது. கல்யாணத்தன்று சாயங்காலமே எரிச்சலாம். நேற்று அதிகம். ஏலாக்குறிச்சியில் சவரியம்மா, "நோவு கண்ண மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க" என்கிறாளாம். பெண்ணுக்குத் தனிப் பாய், தனித் துண்டு, தனி டம்ளர். மறுவீட்டுக்கு அனுப்பினால் கண் சரியாகும்வரை அங்கேயே இருக்கட்டும் என்ற பேச்சு.

"மெட்ராஸ் ஐ மாதிரி எனக்குத் தெரியல சார். பீளை இல்ல, வெறும் செவப்பு. நான் சொன்னா, பொண்ணுக்கு மாமன் வேற என்ன சொல்வான்றாங்க."

ராஜியை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போகும்போது மட்டும், "நீங்க சுத்தமாத்தானம்மா செஞ்சீங்க?" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

அவர் போன பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். கண்ணில் எது எது பட்டது? மை, அதற்கு மெல்லிய பிரஷ். கடைசியில் இமை ஓரத்தில் ஒட்டிய பவுடரைத் தட்ட ஒரு சின்ன பிரஷ். வேறு யாருக்காவது அந்த இரண்டும்? இல்லை. வேறு யாருக்காவது கண் சிவப்பு? அருளப்பன் சொல்லவில்லை. மை புதிதா? பழையது, இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"ஸ்டேஷன்ல வெச்சு வெசாரிக்கிற மாதிரி கேக்குறீங்களே!"

"அப்படிக் கேட்டால்தான் தெரியும்."

பெட்டியைக் கவிழ்த்தாள். மையை முகர்ந்தாள். பிரஷ் முடியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். உறையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்தாள். மேல் மடிப்பின் உட்புறம், வெள்ளை வேட்டித் துணியில், வரிசையாக இளஞ்சிவப்புக் கறை. ஓரத்தில் தூள். விரலால் தொட்டு முகர்ந்தாள். என்னிடமும் நீட்டினாள். பூஜைக் குங்குமம்.

சந்தனம் காய்ந்து, பொட்டு உதிர்ந்து, பஸ் குலுக்கலில் மடிப்புக்குள்ளேயே பிரஷ் முடியில் ஏறியிருக்கிறது. கடைக் குங்குமம், சாயம் போட்டது. அதைத்தான் பெண்ணின் இமையில் தட்டியிருக்கிறாள். வேர்வையோடு கண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் கழுவிய தண்ணீரின் நிறமும் தெரியவில்லை.

"பிரஷ்ஷக் கழுவுனேன். உறையக் கழுவல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே.

நான் சொன்னது: இரண்டு நாளில் சிவப்பு தானாகப் போய்விடும். பேச்சும் போய்விடும். நாமாகப் போய்ச் சொன்னால், அதுவும் சாமி குங்குமம் என்று அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னால், எப்படி எடுத்துக்கொள்வார்களோ. தை மாத வேலையும் போகும்.

"பேப்பர்ல தப்பா வந்தா நீங்க திருத்தம் போடுவீங்கல்ல?"

"போடுவோம். உள்பக்கத்தில், மூலையில், சின்ன எழுத்தில்."

"நானும் மூலையில நின்னே சொல்லிட்டு வர்றேன். அந்தப் பொண்ணுக்குத் தனி டம்ளராம்ங்க."



அக். 11, ஞாயிறு

வெயில். அரியலூர் ரயில்வே கேட்டில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் நெடுநேரம். ராஜியின் மடியில் உறை மட்டும், பேப்பரில் சுற்றி.

ஏலாக்குறிச்சியில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சவரியம்மா ஓங்குதாங்கான ஆள், சத்தமான குரல். உட்காரச் சொன்னாள். ஜெசிந்தா உள்கதவோரம் நின்றாள், கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டு. ஜன்னல் திட்டில் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர். கேட்காமலே தெரிந்தது.

ராஜி சுற்றி வளைக்கவில்லை.

"ஆயுத பூசைக்கு பிரஷ்ல பொட்டு வெச்சேன்ம்மா. அது உதுந்து உங்க மருமக கண்ணுல பட்டுருச்சு. அந்தப் பொண்ணுக்கு நோவு எதுவும் இல்ல. தப்பு எம்மேல."

"பூச குங்குமமா? எங்க வூட்டுப் பொண்ணு கண்ணுலயா?"

"ஆமாம்மா."

"சம்பந்தி வூட்ல சொல்லி அனுப்புனாங்களா ஒன்னய?"

"யாரும் அனுப்பல."

"எத வெச்சு நம்புறது?"

ராஜி பேப்பரைப் பிரித்தாள். உறையின் மடிப்பில் விரலைத் தேய்த்து, அந்த விரலைத் தன் இடது இமையில் தேய்த்துக்கொண்டாள். நான் பாதி எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே ஆட்டுக்குட்டிச் சத்தம். கண்ணில் நீர் வந்தது முதலில், அப்புறம் சிவப்பு, ஓரத்திலிருந்து உள்ளே. சவரியம்மா எழுந்து ராஜியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். மருமகளைக் கூப்பிட்டு அவள் முகத்தையும் திருப்பினாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

முதலில் பேசியது ஜெசிந்தாதான். "அக்கா, தேய்க்காதீங்க, தண்ணி ஊத்துங்க. நான் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் கெடுத்துக்கிட்டேன்." செம்பைக் கொண்டு வந்து அவளே ஊற்றினாள்.

சவரியம்மா: "புது வண்டி வாங்குனா எங்க சாமியாரும் தீர்த்தம் தெளிப்பாரு. வண்டி மேல தெளிப்பாரு. எஞ்சினத் தொறந்து உள்ள ஊத்த மாட்டாரு."

ராஜி கண்ணீரோடு சிரித்துவிட்டாள். சவரியம்மா சிரிக்கவில்லை. ஆனால் ஜன்னல் திட்டிலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காபி வந்தபோது தட்டில் எல்லா டம்ளரும் ஒரே மாதிரி. எது அது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெசிந்தா ஒன்றை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் தன் குழந்தையை இழுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

"மெட்ராஸ் ஐ-யா?"

"இல்லம்மா, குங்குமம்."

அவள் நம்பவில்லை. எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டாள். ராஜி அரியலூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக். 12, திங்கள்

காலையில் நல்ல வெயில். உறை கொதிநீரில் போய்க் கொடியில் தொங்குகிறது. கறை முழுவதும் போகவில்லை. பிரஷ் காம்புகளில் மிச்சமிருந்த பொட்டுகளையும் துடைத்தாள். துடைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய், கை பாதியில் நின்று, நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

பிரேக் கட்டை மாற்றியாயிற்று.

அருளப்பன் வந்தார். இன்று வாசலிலிருந்தே சிரிப்பு. ஜெசிந்தாவுக்குக் கண் தெளிந்து வருகிறது. பாய், துண்டு எல்லாம் பழையபடி. சவரியம்மாவே மருமகளைக் கூட்டிக்கொண்டு மறுவீட்டுக்கு வருகிறாளாம். ஸ்பிரிட் பாட்டிலை மேசையில் வைத்தார். அப்புறம் தயங்கினார்.

"தை மாசத்துக்கு மட்டும் திருச்சியிலேர்ந்து ஆள் பேசிட்டாங்கம்மா."

"சரிங்க" என்றாள் ராஜி. பாட்டிலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

அவர் போன பிறகு கிணற்றடியில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இடது கண் இன்னும் சிவப்பு. கொடியில் அவளுடைய துண்டும் இருந்தது. அதை விட்டுவிட்டு, என் தோளில் கிடந்த துண்டை இழுத்துத் துடைத்துக்கொண்டு, திரும்பத் தோளிலேயே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.