பூச்சி கேமும் சுவரோர நாற்காலியும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு, வராமலே போனது. மாடி அறைக்கு ஒட்டடை அடித்தாயிற்று. மகள் செலின் சனிக்கிழமை வருகிறாள். அவள் அப்பா அடக்கத்துக்கு வந்தவள், லீவு இல்லை என்று வந்த சூட்டோடு பிரான்சுக்குத் திரும்பிவிட்டாள். இந்தத் தடவை ஒரு மாசம் இருப்பாளாம். பார்ப்போம்.

வாங்க: கொசுவலை, காபித்தூள், பாத்ரூம் பல்பு. பேக்கரியில் ரொட்டி (சூடாக இருந்தால் மட்டும்).

சாப்பிட்டுவிட்டு பூச்சி கேம். கேசட்டில் பிரெஞ்சில் ஏதோ பேர் இருந்தது, தேய்ந்துபோயிற்று. எனக்கு அது பூச்சி கேம்தான். கீழே ஒரு குட்டி ஆகாயக் கப்பல், மேலேயிருந்து வரிசையாகப் பூச்சிகள். சுட வேண்டும். செத்த பூச்சியிலிருந்து சில சமயம் உருண்டை விழும். உருண்டை பட்டுக் கப்பல் ஒரு தடவை வெடித்தது. அன்றிலிருந்து எந்த உருண்டை வந்தாலும் ஒதுங்கிவிடுவேன். ஆறாவது ரவுண்டில் பெரிய நண்டு. அதை இதுவரை கொன்றதே இல்லை. என் குண்டு அதற்குக் கொசுக்கடி.

எல்லாம் கறுப்பு வெள்ளைதான். என் வீட்டுக்காரர் சொல்தாவாக பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது லீவில் கொண்டுவந்த கேம் பெட்டி. அந்த ஊர் பெட்டிக்கும் நம் ஊர் டி.வி.க்கும் கலர் ஒத்துப்போகாதாம். படம் வந்ததே பெரிது என்று விட்டுவிட்டோம்.

நண்டிடம் செத்தேன். பல்பு வாங்க மறந்தேன்.

ஜூலை 9, புதன்

வைத்திக்குப்பத்து ஜோதி மீன் கூடையோடு வந்தாள். சங்கரா வாங்கினேன். சனிக்கிழமைக்கு வஞ்சிரம் சொல்லிவைத்தேன். கேமை நிறுத்தாமலே விலை பேசியதில் அவளுக்குக் கோபம்.

"இன்னாக்கா, இன்னும் பூச்சி மருந்து அடிச்சிக்கினு இருக்கிற?"

"உனக்கென்னடி, மீன வெட்டு."

"அதில்லக்கா. டி.வி. அங்க இருக்குது, நீ இன்னாத்துக்கு சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கினு இருக்கிற? கோணலா தெரியாது?"

பழக்கம் என்றேன். செதிலைப் பெருக்காமலே போய்விட்டாள், மகராசி.

பழக்கமாவது ஒன்றாவது. இதை யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன்.

பக்கவாதம் வந்ததும் அவருக்குத் தமிழ் போய்விட்டது. காலமெல்லாம் என்னோடு தமிழில் சண்டை போட்ட மனுஷன். மிஞ்சியது கொஞ்சம் பிரெஞ்சு வார்த்தை. மெர்சி (நன்றி). நோன் (இல்லை). அப்புறம் பூஜ். பூஜ் என்றால் நகரு. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. செலின் சின்னதில் டி.வி.யை மறைத்து நிற்பாள், அவர் பூஜ் என்பார், அவள் நகர்வாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வலது கை விழுந்துவிட்டதால் அவரால் கேம் ஆட முடியவில்லை. அவர் பார்க்கட்டும் என்று நான் ஆட ஆரம்பித்தேன். அவர் எனக்குப் பின்னால், சாய்வு நாற்காலியில். கொஞ்ச நேரம் ஆகும், பூஜ் என்பார். மறைக்கிறேன் போல என்று நாற்காலியைத் தள்ளிக்கொள்வேன். மறுபடி பூஜ். மறுபடி தள்ளுவேன். தள்ளித் தள்ளி மொசைக்கில் கோடு விழுந்ததுதான் மிச்சம், நாற்காலி சுவரில் போய் முட்டியது. வேடிக்கை என்னவென்றால், சீரியல் ஓடும்போது குறுக்கே நின்று துணி மடித்தாலும் வாயைத் திறக்கமாட்டார். இந்தக் கேமுக்கு மட்டும்தான் அதிகாரம்.

கடைசி நாளும் அதே. சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன், அப்போதும் பூஜ். "இன்னும் எங்க நகர்றது, சுவத்துக்குள்ளயா?" என்று கத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடிவதற்குள் போய்விட்டார்.

இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை, நகரு. 

ஜூலை 11, வெள்ளி

டி.வி. படம் மேலும் கீழும் ஓடுகிறது. தலையில் தட்டினால் நிற்கிறது, கையை எடுத்தால் ஓடுகிறது. கரண்ட் வேறு இரண்டு தடவை போனது.

செ. போன். பெட்டி கட்டிவிட்டாளாம். டி.வி. உயிரை விடுகிறது என்றேன். அங்கிருந்தே புது டி.வி. ஒன்றுக்குச் சொல்லிவிட்டாள், உழவர்கரையில் கடை. கேட்க ஆள் இல்லை, மகாராணி. வைக்கும்போது, "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா, நேர்ல கேக்கறேன்" என்றாள்.

எனக்குத் தெரியும் என்ன என்று. அடக்கத்தன்றே கேட்டாள், பப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று. அப்புறம் சொல்றேன் என்று தப்பித்தேன். நகரு என்றார் என்று பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? அப்பா என்றால் அவளுக்கு உயிர்.

கொசுவலை வாங்கியாயிற்று. சின்னது.

ஜூலை 12, சனி

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். தலைமுடியை ஆம்பிளைப் பிள்ளை மாதிரி வெட்டிக்கொண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்கும் கோபித்துக்கொண்டாள்.

வஞ்சிரம் வறுவல். பாதி சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

"அம்மா, பப்பா கடைசியா இன்னா சொன்னாரு? நீ சொல்லவே இல்ல."

"சாப்பிடு, முள்ளு குத்தும்."

"வஞ்சிரத்துல ஏதும்மா முள்ளு?"

ரசம் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் கேட்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அது இன்னும் மோசம்.

சாயந்திரம் புது டி.வி. வந்தது. சுவர் பூராவும் டி.வி. பழையதைத் தூக்கும்போது கருவடிக்குப்பமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம்.

ஜூலை 13, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய் வந்தோம். சாமியார் பிரசங்கம் நீளம்.

செ. பெட்டியிலிருந்து சோப்பு அளவில் ஒரு டப்பாவை எடுத்தாள். அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கினாளாம், பழைய கேமைப் புது டி.வி.யில் மாட்டுவதற்கு. எனக்காகத் தேடி வாங்கியிருக்கிறாள். முடிவெட்டுக் கோபம் கொஞ்சம் குறைந்தது.

மாட்டினாள். கலர். பூச்சிகள் பச்சை, கப்பல் மஞ்சள். ஐயோ, கோயில் தேர் மாதிரி இருந்தது. முதலில் அவள் ஆடினாள். உருண்டையிலும் இரண்டு நிறம்! நீலம் பட்டதும் கப்பல் வெடித்தது. அடுத்த தடவை தெரியாமல் சிவப்பில் இடித்தாள். வெடிக்கவில்லை. துப்பாக்கி ஒன்று இரண்டாகிவிட்டது. இத்தனை நாள் கறுப்பு வெள்ளையில் எனக்கு இரண்டும் ஒரே சாம்பல்.

பிறகு நான் ஆடினேன். சுவரோரத்தில் என் இடத்தில். செ. பின்னால், அவர் நாற்காலியில். ஒரு உருண்டை விழுந்தது. பின்னாலிருந்து, "பூஜ், அம்மா, பூஜ்!"

நாற்காலியைத் தள்ளினேன். சுவரில் இடித்தது.

"ஏம்மா நகர்ற?"

"நீதானடி பூஜ்னு சொன்ன."

"பூஜ் இல்லம்மா. ரூஜ். சிவப்பு. அத எடுன்னு சொன்னேன்."

அந்த ஊர் 'ர', தொண்டைக்குள்ளேயே போய்விடுகிறது. அவருக்கும் அப்படித்தான். வாதம் வந்த பிறகு உதடும் கோணல்.

பட்டாளத்து பாரக்ஸில் கலர் டி.வி.யில் ஆடியவர் அவர். எந்தப் பூச்சிக்குப் பின்னால் எந்த உருண்டை விழும் என்று மனப்பாடம். உருண்டை விழும்போதுதான் சொல்வார். சீரியலுக்குச் சொன்னதே இல்லை.

கப்பல் வெடித்தது. செ. ஏதோ கேட்டாள். குக்கர் வைக்கணும் என்று எழுந்து போய்விட்டேன். குக்கர் வைக்கவில்லை. அடுப்படியில் சும்மா நின்றேன்.

ஜூலை 14, திங்கள்

வானம் வெளுத்துவிட்டது. துணி காய்ந்தது. இன்று பீச் ரோட்டில் பிரெஞ்சுக்காரர்கள் விழா, பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு நிற்பார்கள். அவருடைய மெடலைச் செ. குத்திக்கொண்டு போனாள். நான் போகவில்லை. வெயில்.

அவள் வருவதற்குள் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டேன். அவர் நாற்காலிக்கு நேர் முன்னால், டி.வி.யை நன்றாக மறைத்துக்கொண்டு.

வந்து பின்னால் உட்கார்ந்தாள். ஆடிக்கொண்டே நானே சொன்னேன்.

"உங்க பப்பா கடைசியா சொன்னது ரூஜ்."

"ரூஜா? எத?"

"உருண்டைய. எடுத்துக்கோன்னு."

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நீ இன்னா சொன்ன?"

"சுவத்துக்குள்ளயா போறதுன்னேன்."

சிரித்துவிட்டாள். நானும். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள், ரவிக்கை நனைந்தது. கப்பலை நிறுத்த எனக்குத் தெரியாது, ஆடிக்கொண்டே இருந்தேன். சிவப்பு ஒன்று விழுந்தது, எடுத்தேன். இன்னொன்று, எடுத்தேன். நண்டு செத்துப்போனது.