கழுத்தில் கட்டி இருந்த கினிப்பன்றி

ஹௌஹா, செப்டம்பர் 14, 1997
ஞாயிறு மதியம்

என் ராசா எலாதியோவுக்கு,

உன் அம்மா மெல்ச்சோரா சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். இது உன் கைக்கு வரும்போது நீயும் உன் நாயும் உன் பொறுப்பில் இருக்கிற ஆடுகளும் அந்த வயோமிங் குளிரில் வாடாமல் இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முட்டி வலி வழக்கம்போல இருக்கிறது. மனசுதான் சரியில்லை. கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். ஆமாம் ராசா, இது சுல்மாவின் கையெழுத்துதான், உன் பெண்டாட்டிதான் எழுதுகிறாள். ஹௌஹாவில் அவள் அக்கா வீட்டு அடுப்படி மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். எழுதித் தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஆனால் இதை வேறு யாரிடமும் சொல்லி எழுதுவது நியாயமில்லை என்று இவளிடமே வந்தேன். வாசலில் அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் கதவைத் திறந்து, "எழுதறேன் அத்தை. ஆனா சொல்றதைச் சொன்னபடி எழுதுவேன். நீங்க விட்டுட்டுப் போறதை நடுவுல கேட்பேன். சம்மதம்னா உள்ள வாங்க" என்றாள். சம்மதம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் மாதம் உனக்கு ஒரு கடிதம் வந்தது அல்லவா, பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்தில், அதில் நான் சொல்லியிருந்தது பொய். உன் பெண்டாட்டியின் கண் பட்டுத்தான் பசுக்களின் மடி கல்லாகப் போகிறது, பால் திரிதிரியாக வருகிறது, அவள் இந்த வீட்டில் இருந்தால் ஒரு காம்பும் மிஞ்சாது என்று எழுதச் சொன்னேன். இங்கே சுல்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணுன்னு மட்டுமா சொன்னீங்க, சூனியக்காரின்னு சொன்னீங்களே, அதை எழுதட்டுமா?" என்கிறாள். எழுது என்றேன். சூனியக்காரி என்றும் சொன்னேன், மகனே. நீ அதை நம்பினாய். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவள் தன் ஆட்களிடம் போகட்டும் என்று இரண்டே வரியில் பதில் போட்டாய். அந்தப் பதிலை நான் வாத்தியாரிடம் கொண்டுபோகவில்லை. உன் கடிதங்களை எப்போதும் எனக்குப் படித்துக்காட்டுகிறவள் இவள்தானே, வேண்டுமென்றே இவள் கையிலேயே கொடுத்துப் படி என்றேன். நின்றபடியே படித்தாள். திக்காமல் திணறாமல் முழுசாகப் படித்து, மடித்து, என் மடியில் வைத்துவிட்டுப் போய் மூட்டை கட்டினாள். அன்றைக்கு எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் பாலோமாவைக் கேட்டாள். அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த பசு, அவளைத் தவிர வேறு யாரும் கறந்ததில்லை. வீட்டுக்கு வந்த மாடு வீட்டோடு என்று கயிற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். லூஸ் அழுதுகொண்டே போனாள். உன் மகளுக்கு இப்போது மூன்று வயது, உன்னைப்போலவே தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள் என்று பெரியம்மாக்காரி சொல்கிறாள், பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னேன். நான் வந்ததிலிருந்து மேஜைக்கு அடியிலேயே இருக்கிறாள், வெளியே வரமாட்டேன் என்கிறாள். வறுத்த சோளம் கொண்டுவந்தேன், கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

சுல்மா போனால் நோய் போகும் என்றுதானே சொன்னேன். போகவில்லை. ஜூன் மாதம் இன்னும் இரண்டு பசுவுக்கு வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். போனவள் வாசலில் எதையோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று கடப்பாரை எடுத்துத் தோண்டினேன், ஒரு பழைய லாடம் கிடைத்தது, அதையும் ஊரெல்லாம் காட்டினேன். ஜூலையில் சந்தியாகப்பர் திருநாள் வந்தது. உனக்குத் தெரியும், நம் ஊரில் மாடுகளின் காதில் ரிப்பன் கட்டுகிற அன்று நல்ல கைக்காரியைக் கூப்பிட்டு ஒவ்வொரு வீட்டிலும் முதல் பாலைக் கறக்கச் சொல்வார்கள், பதினெட்டு வருஷமாக அந்த நல்ல கை என் கைதான். கடைசி மாடு முடிகிற வரைக்கும் கையில் தண்ணீர் படக்கூடாது, பட்டால் பாலோடு ராசியும் போய்விடும் என்று என் அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். அப்படியே பால் நுரையைத் தொட்டுத் தொட்டுக் காம்பை நனைத்து, ஏழு வீட்டில், ஒரே கையால், ஒரே துணியால் கறந்தேன். மேளமும் கொம்பும் முழங்க அழைத்துப்போனார்கள், மெல்லுவதற்குக் கோக்கா இலையும் சாராயமும் கொடுத்தார்கள், பெருமைதான் போ.

ஆகஸ்டில் அந்த ஏழு வீட்டில் நாலு வீட்டு மாடுகளுக்கு மடி வீங்கியது. கூட்டுறவுச் சங்கத்துப் பால் வண்டி எங்கள் தெருப் பாலை வாங்காமல் திரும்பிப் போனது. பிறகு சங்கம் ஒரு டாக்டரம்மாவை அனுப்பியது, ஒலிந்தா என்று பெயர், சின்ன வயசு, வெடுக்கென்று பேசுகிறவள். நாலு கிண்ணம் வைத்த தட்டில் காம்புக்கு ஒன்றாகப் பாலைப் பீய்ச்சி, ஏதோ மருந்துத் தண்ணீரைக் கலந்து ஆட்டினாள், கெட்ட பால் முட்டை வெள்ளைக்கருவாட்டம் கொழகொழவென்று ஆகிவிட்டது. பிறகு என்னை நிறுத்தி என் விரலைப் பஞ்சால் துடைத்தாள், என் துணியையும் துடைத்து எடுத்துப் போனாள். ஒரு வாரம் கழித்து மைக்ராஸ்கோப் பெட்டியோடு வந்து சாவடியில் வைத்து, "பாட்டி, முதல்ல நீங்க பாருங்க" என்றாள். பார்த்தேன். கண்ணாடிச் சில்லில் ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள், மணி கோத்த மாதிரி வரிசை வரிசையாக. இது மாட்டுப் பாலிலிருந்து என்றாள். இன்னொரு சில்லை வைத்தாள், அதே ஊதா மணி. இது உங்கள் கையிலிருந்து என்றாள். சுற்றி நம் தெரு நெமேசியாவும் மற்றப் பெண்களும் நின்றார்கள்.

அது கிராம் பாசிட்டிவ் என்கிற ஜாதியாம். "தோல் தடிச்ச ஜாதி பாட்டி. ஊதாச் சாயம் ஒரு தடவை ஏறிடுச்சுன்னா ஸ்பிரிட் ஊத்திக் கழுவினாலும் விடாது, மத்ததெல்லாம் வெளுத்துடும்" என்றாள். ஒரு பசுவின் மடியிலிருந்து அடுத்த பசுவின் மடிக்குத் தானாக நடந்து போகாதாம், கறக்கிற கைதான் தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம். அந்த வம்சத்தில் இன்னும் நிறைய இருக்கிறதாம். தொடை கறுத்து இளம் காளைகள் சாகிற சப்பை நோய், நின்ற மாடு ரத்தம் கக்கி விழுகிற அடைப்பான், ஆணி குத்திய கழுதையை வில்லாக வளைக்கிற ரணஜன்னி எல்லாம் அதன் சொந்தக்காரர்களாம். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். உன் சித்தப்பாவின் ஆறு காளைகள் தொடை கறுத்துச் செத்தபோது அவள் கண் பட்டதுதான் என்று, வரப்பில் நடந்துபோன அந்த விதவை பெர்பெதுவாவைக் கல்லால் அடித்துத் துரத்தினோம், உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. கல் எறிந்தவர்களில் நானும் ஒருத்தி.

பாலோமாவை மே மாதத்திலிருந்து நான்தான் கறக்கிறேன். சுல்மா கறந்த வரைக்கும் அந்தப் பசுவுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. அவள் வெந்நீரும் சோப்பும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பசுவுக்கும் கையைக் கழுவுவாள், தனித்தனித் துணி வைத்திருப்பாள். என் மாடு உனக்கு அசிங்கமா, ராணியம்மா கை வலிக்கப் போகிறது என்று நான் குத்திக் காட்டுவேன். இப்போது பாலோமாவுக்கு இரண்டு காம்பு வற்றிவிட்டது. மீதிக்கு டாக்டரம்மா மடிக்குள் மருந்து ஏற்றியிருக்கிறாள், அந்த இரண்டும் பிழைக்கும் என்கிறாள். இதைச் சொன்னபோது சுல்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் அடுப்பைக் கிளறிவிட்டு வந்தாள்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். டாக்டரம்மாகூட, "தெரியாதுதானே பாட்டி, விடுங்க" என்றுதான் சொன்னாள். ஊரும் அப்படியே விட்டுவிட்டது. நான் வந்தது வேறு விஷயத்தைச் சொல்ல, அது யாருக்கும் தெரியாது, சுல்மாவுக்கும் இந்த நிமிஷம் வரை தெரியாது. மார்ச் மாதம் வைத்தியர் கிரிசாந்தோவை அழைத்து, மடி வீங்கிய பசுவின் மேல் கினிப்பன்றியைத் தடவி, நோயை அதன் உடம்பில் இறக்கிக் காரணம் பார்க்கச் சொன்னேன் அல்லவா. அது அவர் கையிலேயே செத்தது, வயிற்றைக் கிழித்தார், உள்ளே சீழ். வெளுத்த கண்ணுக்காரி ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்றார். நம் வீட்டில் வெளுத்த கண் இவளுக்கு மட்டும்தானே. "அவர் வெளுத்த கண்ணுன்னு சொல்லலை அத்தை. வீட்டுல ஒரு பொண்ணுன்னுதான் சொன்னார். நான் வாசல்ல நின்னு கேட்டேன். கண்ணைச் சேர்த்துக்கிட்டது நீங்க" என்கிறாள் இப்போது. அதுவும் சரிதான், எழுது. ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிட மோசம். கினிப்பன்றி கருப்பாக இருக்க வேண்டும், துறுதுறுவென்று இருக்க வேண்டும் என்று வைத்தியர் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். அடுப்படியில் வளர்க்கிறவற்றில் கொழுத்த கருப்பு ஒன்று இருந்தது, அதைத் திருநாளுக்குச் சமைக்க என்று வைத்திருந்தேன், கொடுக்க மனசு வரவில்லை. இரண்டு நாளாகத் தீனி எடுக்காமல் மூலையில் கிடந்த ஒன்றை எடுத்தேன். தூக்கும்போதே தாடைக்குக் கீழே கட்டி கையில் தட்டுப்பட்டது, எலுமிச்சங்காய் அளவு. இது நாளைக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். செத்ததும் எல்லாருக்கும் முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன், மருமகள் பக்கம் கையைக் காட்டினேன். அந்தக் கட்டியும் இதே மணிமாலை ஜாதிக் கிருமிதானாம், அடுப்படிக் கூட்டத்தைப் பார்த்த டாக்டரம்மா சொன்னாள். அது எந்தக் கிருமியாக இருந்தால் என்ன. பொய் சொன்னது கிருமி இல்லை, நான்தான்.

ஏன் செய்தேன் என்று சுல்மா கேட்டாள். ஜனவரியில் ஒருநாள் பால் வண்டிக்காரன் இவள் கேனைத் திறந்து மோந்து பார்த்து, "இந்தத் தெருவிலேயே உங்க பால்தான் அக்கா சுத்தம், மாமியாருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று சிரித்தான். பக்கத்தில் நான் என் கேனோடு நின்றேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடிப் பார்க்கிறேன், இல்லை. சுல்மா என் முகத்தைப் பார்த்து, "அதுக்கா?" என்றாள். அதற்குத்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பால் கேன் வைக்கிற மேடையில் நின்று, மருமகள் மேல் நான் போட்டது பழி என்று சொல்லிவிட்டேன். நெமேசியா, "இவ்வளவு நாள் அந்தப் பொண்ணைப் பார்த்து நாங்க துப்பினோமே, அதை யாரு துடைக்கிறது?" என்று கேட்டாள். கினிப்பன்றி விஷயத்தை மட்டும் அங்கே சொல்லவில்லை, முதலில் இவளிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு அதையும் சொல்வேன். பாலோமா குணமானதும் ஓட்டிக்கொண்டு வந்து இவளிடம் விட்டுவிடுகிறேன். இவள் வீட்டுக்குத் திரும்பி வருவாள் என்று எழுது அம்மா என்றேன். எழுதமாட்டேன் என்கிறாள். "அது நீங்க சொல்ற விஷயம் இல்ல அத்தை" என்கிறாள். மன்னித்துவிட்டாள் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சரி, வேண்டாம்.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் கையைக் கழுவு, பனிக்கட்டியை உருக்கியாவது கழுவு. திடீரென்று செத்துக் கிடக்கிற ஆட்டின் தோலுக்கு ஆசைப்பட்டுக் கத்தியை வைக்காதே, முதலாளிக்குச் சொல்லிப் புதைக்கச் சொல். காலுறையை ஈரத்தோடு போட்டுக்கொண்டு தூங்காதே. அந்த இரண்டு வரிக் கடிதத்தை எழுத வைத்தவள் நான், நீ அதற்காக உன்னை ரொம்பவும் வருத்திக்கொள்ளாதே என்று சொல்லலாம் என்று வந்தேன். சொல்ல வாய் வரவில்லை. அதை நீயும் உன் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளுங்கள். நீ எழுதும் பதிலை என் பெயருக்கு அனுப்பாதே, இவள் பெயருக்கு, இந்த ஹௌஹா விலாசத்துக்கு அனுப்பு. என்னை ஒரு வரியில் திட்டிவிட்டு மீதிக் காகிதத்தை இவளுக்கு வைத்துக்கொள்.

சந்தியாகப்பர் உன்னையும் உன் மந்தையையும் காப்பாற்றட்டும், மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். என் ஆசீர்வாதம் உனக்கு வேண்டுமா என்று கேட்கவே கூசுகிறது, இருந்தாலும் தருகிறேன். என் கைநாட்டுக்குக் கீழே இவளுக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். இவள் என்ன எழுதினாலும் எனக்குப் படிக்கத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா மெல்ச்சோரா
(வலது கைப் பெருவிரல் ரேகை)

எலாதியோ,
அத்தை சொன்னதில் ஒரு சொல்லையும் நான் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. எதற்காகச் செய்தார் என்று அவரே சொல்லிவிட்டார். மூன்று வருஷம் என்னோடு வாழ்ந்தவன் நீ, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு எந்தக் கிருமி காரணம் என்று எழுது.
சுல்மா