வெற்றியோட ரெண்டாவது ஸ்கேன்

அன்பு மகன் அறிவரசனுக்கு உன் அப்பா எழுதிக்கொண்டது. நாங்க சுகம்னு எழுதித்தான் தொடங்கணும், அதனால எழுதிட்டேன், மீதியைப் படிச்சிட்டு நீயே முடிவு பண்ணிக்க. நீ சமைச்சதை நீயே தின்னுட்டு இன்னும் எழுந்து நடமாடுறன்னா அங்க உன் சுகத்துக்குக் குறைச்சல் இல்லைன்னு தெரியுது. போன் இருக்க எதுக்குக் காயிதம்னு கேப்ப, உன் அம்மா போனைச் சத்தமா வச்சாத்தான் பேசுவா, உன் தங்கச்சி பக்கத்துக் கட்டில்லயே படுத்திருக்கா, அதுல என்னத்தைச் சொல்றது. லப்பைக்குடிக்காட்டு பாய் லீவு முடிஞ்சு நாளைக்கு சார்ஜா திரும்புறாரு, அவர் கையில குடுத்து விடுறேன். எழுத்து கோணலா இருந்தா சிரிக்காத, சுவரை நேரா கட்டுற கொத்தனாருக்கு எழுத்தும் நேரா வரணும்னு சட்டம் இல்ல.

உன் தங்கச்சி வெற்றிக்குப் பெரம்பலூர்ல முத ஸ்கேன் எடுத்தது உனக்குத் தெரியும். கொடி சுத்திப் பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு உன் அம்மாவுக்கு ஒரே கவலை, நீ வேற அங்க சாரத்துல ஏறி நிக்கிறவன், டாக்டரம்மா மிசினை எடுக்கிறதுக்குள்ள கொடி சுத்தியிருக்கா கொடி சுத்தியிருக்கான்னு பிடுங்கி எடுத்துட்டா. அந்தம்மா சிரிச்சிட்டு, சுத்தல, சுத்தினாலும் மாமனுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நஞ்சு கீழ இறங்கி முதப் பிரசவத்துல போட்ட ஆபரேசன் தையல் மேல உக்காந்திருக்கு, அடுத்த மாசம் கட்டாயம் வேற ஸ்கேன் பாருங்கன்னாங்க. நஞ்சுன்னா பிள்ளை பொறந்த பிறகு விழுமே அதுதான், வயித்துக்குள்ள பிள்ளைக்குச் சோறு தண்ணியெல்லாம் அது வழியாத்தானாம். எங்க யார் காதுலயும் அது ஏறல, மாமனுக்கு ஒண்ணும் இல்லைங்கிறது மட்டும் ஏறிச்சு. உன் அம்மா கேசரி கிண்டித் தெரு முழுக்கக் குடுத்தா, கொடிதான் சுத்தலையே இன்னொரு ஸ்கேன் எதுக்குன்னு மாப்பிள்ளை முத்தமிழும் சும்மா இருந்துட்டாரு.

போன வாரம் ரத்தம் பட்டுதுன்னு அரியலூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க ரொம்ப நேரம் பார்த்துட்டு டாக்டரம்மா என்னையும் உள்ள கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாங்க. நஞ்சுக்கும் கர்ப்பப்பை சுவருக்கும் நடுவுல கறுப்பா ஒரு கோடு தெரியணுமாம், தையல் இருந்த இடத்துல அந்தக் கோடே இல்ல. நஞ்சுக்குள்ள செல்லரிச்ச பலகையாட்டம் ஓட்டை ஓட்டையா இருக்கு, கலர் போட்டா ஓட்டைக்குள்ள ரத்தம் சுழிச்சுக்கிட்டு ஓடுது. பையைத் தாண்டி மூத்திரப்பை வரைக்கும் போயிருக்குன்னாங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, ஆனா சுவர்ல ஆலங்கன்னு வேர் விட்டதை எத்தனை பார்த்திருக்கேன், வேரைப் பிடுங்கினா செங்கலும் கூடவே வரும். அப்படித்தானாங்கன்னு கேட்டேன், அப்படித்தான்னு சொல்லிட்டு அந்தம்மா என் முகத்தைப் பார்க்கல. முன்னாடியே வந்திருந்தாலும் ஒட்டினது ஒட்டினதுதானாம், யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கும், அவ்வளவுதானாம். அதனால போன்ல உன் அம்மாகிட்ட ஏன் ஏன்னு கேக்காத, அவ தானே அதைக் கேட்டுக்கிட்டுச் சோறு திங்காம கிடக்கா.

இப்ப விசயத்துக்கு வரேன். இன்னும் ரெண்டு மாசம் தாங்கினா பிள்ளையைக் காப்பாத்தப் பார்க்கலாம், ஆனா இவ தாங்க மாட்டா, நேத்து மறுபடியும் ரத்தம் போச்சு. திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில வர்ற வாரம் ஆபரேசன். பிள்ளை பிழைக்காது, பையையும் சேர்த்து எடுத்துடுவாங்க. முதப் பிள்ளையும் தங்கல, இனிமேலும் இல்லைன்னு ஆச்சு. அதுலயும் உன் தங்கச்சி பிழைச்சு வருவான்னு யாரும் உறுதியா சொல்லல, பார்க்கலாம்னுதான் சொல்றாங்க. அவளுக்கு எல்லாம் தெரியும், ரிப்போர்ட்டை அவளே படிச்சிட்டா. அப்பா நீங்க கட்டின சுவர்ல கூட இவ்வளவு ஓட்டை இல்லையேன்னு என்னைக் கிண்டல் பண்றா. நானும் உன் மாமனாரு வூட்டுச் சுவரைப் பார்த்துட்டு அப்புறம் பேசுடின்னு சொல்லிட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டேன். பிள்ளை உதைக்குதுப்பான்னு கையைப் பிடிச்சு வயித்துல வைக்கிறா, உதைக்கத்தான் செய்யுது, அதுக்கு யார் போய்ச் சொல்றது.

நீ வரணும் தம்பி. ஆபரேசன்ல ரத்தம் ஆறா ஓடுமாம், அவளுக்கு ஓ நெகட்டிவ், இங்க தேடினாலும் சீக்கிரம் அகப்படல, எனக்கும் உன் அம்மாவுக்கும் சேரல. நீ அங்க போறப்ப எடுத்த மெடிக்கல்ல உனக்கும் அதேதான்னு பார்த்தேன். முதலாளி காலைப் பிடிச்சாவது வந்து சேரு. வர்றப்ப சின்னத் துணிமணி எதுவும் வாங்காத, வாங்கியிருந்தா அங்கயே யாருக்காவது குடுத்துடு. வயித்துக்கு நல்லா சாப்பிடு, வெயில்ல தலையில துணி கட்டிக்க, உனக்கு மயக்கம் வந்தா அந்த ரத்தமும் ஆகாது.

உனக்கு எங்க ஆசீர்வாதம். வெற்றிச்செல்விக்கும் ஆசீர்வாதம். அவ வயித்துல கிடக்கிறதுக்கும் சேர்த்தே எழுதுறேன், இருக்கிற வரைக்கும் அதுவும் நம்ம வூட்டு ஆளுதான்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா
உத்திராபதி
திருமானூர்