பாதி மாத்திரை

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில், தாராவியில் நீ வேலை பார்த்த தோல்கிடங்கின் கதவு திறந்து கிடந்தது. ஒரு கட்டுத் தோலைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். உப்பும் ஈரமும் கலந்த அந்த நாற்றம் சந்து முனைவரை வந்தது. தோலின் சதைப்பக்கம் முழுக்கச் சிவப்புத் திட்டுகள். முதலாளி வழக்கம்போல ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் வரவேண்டிய கோபம் எனக்கு உன்மேல் வந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். என்னால் முடியவில்லை.

அந்தச் சிவப்பு என்னவென்று எனக்குக் காட்டியவன் நீதான். அப்போது நான் காசநோய் மருந்தகத்தின் சோதனைக்கூடத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துக் கொடுக்கும் வேலை. நாலு வார்த்தை தெரிந்துகொண்ட திமிரில், உப்பில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று உன்னிடம் அளந்தேன். நீ என் சட்டைக்கையைப் பிடித்துக் கிடங்குக்குள் இழுத்துப் போய் ஒரு தோலைப் புரட்டினாய்.

“அப்ப இது என்னலே, குங்குமமா?”

அழுகவைக்கும் கிருமிகள் உப்பில் செத்துப்போகும் என்றாய். ஆனால் உப்பளத்திலேயே வளர்ந்து உப்புக்குப் பழகிய ஒன்று, உப்போடு சேர்ந்தே வருகிறது. மற்றதெல்லாம் செத்த இடத்தில் போட்டிக்கு ஆளில்லாமல் அது பரவுகிறது. புது உப்பென்றால் கொஞ்சம்தான் வரும். முதலாளியோ பழைய தோலை உதறிய உப்பையே கூட்டி அள்ளிப் புதுத் தோலில் போடச் சொல்வார். அதற்காக அவரோடு மூன்று முறை சண்டை போட்டாய். “பழைய உப்பப் போடுதது, அதுக்கு நாமளே பந்தி வைக்குத மாதிரி” என்றாய். எங்கள் டாக்டர் ஒரு மாதம் சொல்லியும் எனக்குப் பிடிபடாத விஷயம் அது. மருந்து எல்லாக் கிருமியையும் ஒரேயடியாகக் கொல்வதில்லை, தாங்குகிற சிலதை விட்டுவைத்தால் அந்தச் சிலதே பிறகு எல்லாமாகிவிடும் என்பார் அவர். உன் கிடங்கில்தான் எனக்கு விளங்கியது.

இவ்வளவும் தெரிந்தவன் நீ. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உனக்குச் சளியில் ரத்தம் வந்தபோது நான்தான் மருந்தகத்துக்கு இழுத்துப் போனேன். பெயர் பதிய ரேஷன் கார்டு வேண்டும். நிலையான முகவரி இல்லாதவன் பாதியில் ஓடிவிடுவானாம், மருந்து வீணாகுமாம். கோலி என்று இங்கே சொல்லும் உங்கள் வாடகை அறையில் எட்டுப் பேர். ஒரே ஊர், பத்தடி அறை, ஒரே அடுப்பு. அந்த எட்டுப் பேரில் இருந்தது ஒரே ஒரு கார்டு. அது உன் பெயரில் இருந்தது. அதனால் உனக்கு மருந்து கிடைத்தது. இரண்டு மாதம் தினமும் ஊசி, கூடவே இரண்டு வகை மாத்திரை. பிறகு ஒரு வருடத்துக்கு அந்த மாத்திரைகள் மட்டும்.

ஊசி முடியும்போது, ஒட்டிப்போயிருந்த உன் கன்னம் உப்பியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் காபி குடித்துவிட்டு ரயில் பாதையோரமாக நடந்தே தாராவிக்கு வந்தோம். உன் கண்ணாடித் துண்டில் ஒரு கிருமிகூடத் தெரியவில்லை என்று நான் பீற்றிக்கொண்டேன். அந்த வாரமே நீ பங்கு வைக்க ஆரம்பித்துவிட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆறாம் மாதம் இருமல் திரும்பி வந்தது. உன் சளியை இரண்டு பாட்டில்களில் வளர்த்தோம். கிருமிக்குத் தீனியாகப் போடும் பச்சை நிற முட்டைக்கலவை ஒன்றில் வெறுமனே இருந்தது. மற்றதில் நீ சாப்பிட்ட இரண்டு மருந்துகளில் ஒன்றைக் கலந்திருந்தோம். ஆறு வாரம் கழித்து எடுத்தபோது இரண்டிலும் ரொட்டித்தூளைக் கொட்டியதுபோல ஒரே மாதிரி வளர்ந்திருந்தது. மருந்து அதை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வகை மாத்திரையிலும் அதே கதை. டாக்டர் பார்க்காத நேரத்தில் உன்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். நீ பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

“நம்ம கிடங்கு மாதிரியில்லா இருக்கு” என்றாய். முகத்தில் சிரிப்பில்லை.

அப்புறம்தான் வாயைத் திறந்தாய். கோலியில் உன்னோடு இருக்கும் முத்தையா அண்ணனும் இருமுகிறார். அவருக்குக் கார்டு கிடையாது. கிடங்கு மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலையும் போய்விடும். அதனால் ஐந்து மாதத்துக்கு மேலாக உன் மாத்திரையைக் கத்தியால் இரண்டாக்கிப் பாதி அவருக்கு, பாதி உனக்கு. குழம்பைப் பங்கு வைப்பதுபோல. நான் கத்தினேன். கிருமி சாகிற அளவுக்கு ஒருவனுக்கும் கிடைக்கவில்லை, அது பழகிக்கொள்கிற அளவுக்கு இரண்டு பேருக்கும் கிடைத்திருக்கிறது என்று கத்தினேன். பழைய உப்பைப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் இதைச் செய்யலாமா என்று கேட்டேன்.

“எட்டுப் பேரு ஒரு சட்டியில திங்குதோம். அண்ணன் பக்கத்துல படுத்து இருமுதாரு. என் டப்பாவுல மாத்திரை கெடக்கு. மூடி வச்சுட்டு இருக்கச் சொல்லுதியா?”

பாட்டிலை உன் கையிலிருந்து வாங்கி வைத்தேன். என்னிடமாவது சொல்லியிருக்கலாம், மடையா. பாதி பாதியாக இரண்டு பேரும் வாழலாம் என்று எந்தக் கணக்கில் நினைத்தாய்?

இதற்கு வேறு மருந்து இருக்கிறது, ஆனால் எங்களிடம் இல்லை என்றார் டாக்டர். கடையில் யானை விலை கொடுத்து வாங்கலாமாம். தோல் உதறுகிறவன் வாங்கலாமாம். குடியிருக்க விடுகிறான், வாடகை வாங்குகிறான், ரசீது மட்டும் தரமாட்டான் அந்தக் கோலிக்காரன். ரசீது இல்லாதவனுக்குக் கார்டு இல்லை. கார்டு இல்லாதவனுக்கு மருந்து இல்லை. இந்தப் படிகளை எல்லாம் கட்டியவர்கள் யாரும் இருமவில்லை. மழை விடுவதற்குள் நீ போய்விட்டாய்.

நீ போன மறுவாரம் முத்தையா அண்ணனைத் தேடிப் போனேன். என்னைக் கண்டதும் பின்பக்கமாக நழுவப் பார்த்தார். கையைப் பிடித்து மருந்தகத்துக்கு இழுத்து வந்து, செம்பூரில் நான் இருக்கும் அக்கா வீட்டுக் கார்டையும் முகவரியையும் எழுத்தரிடம் கொடுத்தேன். என் அண்ணன் என்று எழுதச் சொன்னேன். அவர் மாட்டுங்காக்காரர், நல்ல மனுஷர்தான், எழுதிக்கொண்டார். பிறகு உங்கள் கோலியிலிருந்து இன்னொருவருக்கும் இருமல் வந்தது. பக்கத்துக் கோலியிலிருந்து ஒருவர் வந்தார். அந்த மூன்றாவது ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியபோது எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏன்டா, ஒங்காத்துல மொத்தம் எத்தனை அண்ணாதான் இருக்கா?”

இன்னும் வருவார்கள், இடம் விட்டு எழுதுங்கள் என்றேன். பேனாவை எடுத்தார். என்றைக்காவது மேலே யாராவது கேட்டால் என் வேலை போகும். போகட்டும்.

முத்தையா அண்ணனின் பாட்டில்களைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ஒரு மருந்தில் வளர்ந்திருக்கிறது. இன்னொன்றில் இல்லை. அந்த ஒன்றோடு ஊசியையும் சேர்த்து ஒரு நாள்கூட விடாமல் கொடுத்தால் பிழைக்க வழியுண்டு என்கிறார் டாக்டர். அதனால் மாத்திரையை அவர் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. தினமும் கிடங்குக்குப் போகுமுன் மருந்தகத்துக்கு வந்து என் கண்முன்னால் விழுங்க வேண்டும். நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவருக்கு அது அவமானம். எனக்கும்தான்.

இன்றைக்கு, கிடங்கைப் பார்த்துவிட்டு வந்த எரிச்சலில், அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். யாருக்காவது இதில் பாதி கொடுக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஆருக்குத் தம்பி குடுக்க? அவன் இருக்கானா?”

நான் தண்ணீர்க் குவளையை நீட்டினேன். அவர் தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.